கையெழுத்துக்கு மேலே இருந்த வெற்றிடம்

ஒன்றிய அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்கு முதல் நாளே நடத்தை விதிப் புத்தகம் ஒன்றைக் கொடுத்திருப்பார்கள். அதை வீட்டில் எந்த மூலையில் வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. என்னுடையது தையல் மெஷினுக்குக் கீழே கிடந்தது. மெஷின் ஆடாமல் இருக்க ஒரு காலுக்கு அடியில் வைத்திருந்தேன். ஐந்தாறு வருடம் அப்படித்தான் இருந்தது. பிறகு ஒருநாள் அதை உருவி எடுத்துத் தூசு தட்டிப் படிக்க வேண்டி வந்தது. ஏன் வந்தது என்று சொல்கிறேன்.

என்னைத் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை 'பிளாஸ்க் மேடம்' என்றுதான் சொல்வார்கள். எந்த ஊருக்கு ஆய்வுக்குப் போனாலும் என் டீ என் பிளாஸ்க்கில், என் சோறு என் டப்பாவில். "மேடம் வீட்டுலேருந்து கெணத்தையும் எடுத்துக்கினு வந்துடுவாங்க" என்று கேலி பேசியவர்கள் உண்டு. பேசட்டும். பிறவியிலேயே நான் அப்படி ஒன்றும் இல்லை. ஒரு பை மல்லாட்டை, வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம், என்னை அப்படி ஆக்கியது.

தொண்ணூற்று மூன்றில் ஊர்நல அலுவலராக வேலையில் சேர்ந்தேன். சில வருடங்களில் ஊராட்சித் தேர்தல் வந்து, தலைவர்கள் வந்து, கிராம சபைக் கூட்டங்களும் வந்தன. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒன்றியத்திலிருந்து ஓர் அலுவலர் போய் உட்கார வேண்டும். பற்றாளர் என்று பெயர். கூட்டம் உண்மையாக நடந்ததா, இத்தனை பேர் இருந்தால்தான் செல்லும் என்ற கணக்குக்கு ஆள் வந்தார்களா என்று பார்த்து, தீர்மான நோட்டில் 'என் முன்னிலையில் நடைபெற்றது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. இவ்வளவுதான். இந்த இவ்வளவைத்தான் நான் ஒழுங்காகச் செய்யவில்லை.

அது ஒரு காந்தி ஜெயந்தி நாள். மரக்காணம் பக்கத்தில் ஓர் ஊராட்சி. பெயர் வேண்டாம். விவசாயம் பார்க்கும் ஊர் ஒரு பக்கம், இரண்டு மைல் தள்ளிக் கடலோரத்தில் குப்பம் ஒரு பக்கம், இரண்டும் சேர்ந்து ஒரே ஊராட்சி. கூட்டம் காலை பதினோரு மணிக்கு, ஊருக்குள் இருக்கும் ஊராட்சிக் கட்டடத்தில். பதினோரு மணிக்குக் குப்பத்து ஆம்பிளைகள் கடலுக்குப் போய்வந்து அடித்துப்போட்டாற்போல் தூங்குவார்கள். பெண்கள் மீன் கூடையோடு திண்டிவனம் மார்க்கெட்டில் இருப்பார்கள். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் வருடா வருடம் அதே பதினோரு மணிதான்.

வந்தவர்கள் பதினோரு பேர். மணிக்கு ஒருவராக வந்தார்களோ என்னவோ! வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வெறும் கூடையோடு ஒரு பெண் மட்டும் குப்பத்திலிருந்து வந்து நின்றிருந்தாள். அன்றைய வியாபாரத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது.

அந்த வருடம் ஊராட்சிக்கு, ஏழைகளுக்கு அரசு கட்டித் தரும் தொகுப்பு வீடுகள் ஆறு. யார் யாருக்கு என்ற பட்டியலைக் கூட்டத்தில் படித்துச் சம்மதம் வாங்க வேண்டும். தலைவர் காகிதத்தை என்னிடம் நீட்டி, "மேடம் படிச்சா நல்லா இருக்கும்" என்றார். எனக்குக் கொஞ்சம் கணீரென்ற குரல். பெருமையாகப் படித்தேன். ஐந்தாவது பெயர் கன்னியம்மா. படித்ததும் வாசலிலிருந்து, "நாந்தாங்க" என்றாள் அந்தப் பெண். கட்டடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பத்து பதினோரு பேரை வைத்துக்கொண்டு கூட்டம் நடந்ததாக எழுத முடியாது. நான் எழுந்து, இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மணி பன்னிரண்டே முக்கால். ஒரு மணிக்குத் திண்டிவனம் பஸ். அதை விட்டால் நாலு மணிக்குத்தான். விழுப்புரத்தில் என் தங்கையைப் பெண் பார்க்க நாலு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அக்காள் நான் இல்லாமல் எப்படி? என் பார்வை நோட்டில் இல்லை, ரோட்டில் இருந்தது.

தலைவர் அதைக் கவனித்துவிட்டார். "மேடம், நீங்க ஜல்தியா கெளம்புங்க. நோட்டை நாங்க சாயந்திரமா வீடு வீடா எடுத்துக்கினு போயி கையெழுத்து வாங்கிக்கிறோம். எப்பவும் அப்படித்தான். பட்டியலையும் நெதானமா எழுதிக்கிறோம். நீங்க கீழ மட்டும் போட்டுட்டுப் போங்க."

எப்பவும் அப்படித்தான் என்பது உண்மை. அந்தக் காலத்தில் பாதி ஊர்களில் கிராம சபை, நோட்டுக்குள்தான் கூடியது. பக்கத்தின் அடியில் என் முன்னிலையில் நடைபெற்றது என்று எழுதி, அழகாகக் கையெழுத்துப் போட்டேன். அதற்கு மேலே முக்கால் பக்கம் வெள்ளையாக இருந்தது.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் தலைவரின் ஆள் ஒருவர் ஜன்னல் வழியாக ஒரு மஞ்சப்பையை நீட்டினார். "புது மல்லாட்டை மேடம். இப்பதான் புடுங்கினது. புள்ளைங்களுக்கு அவிச்சுக் குடுங்க." மண் வாசனையோடு கனமாக இருந்தது. இதுவும் ஒரு லஞ்சமா, மல்லாட்டையாவது லஞ்சமாவது என்று மடியில் வைத்துக்கொண்டேன். பிரம்மதேசம் தாண்டுவதற்குள் நாலைந்தை உரித்தும் தின்றுவிட்டேன். மாப்பிள்ளை வீட்டாருக்கும் அதைத்தான் அவித்து வைத்தோம். நன்றாக இருக்கிறது என்று தட்டைக் காலி செய்தார்கள். பெண்ணை மட்டும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். கட்டையில போறவனுங்க!

மூன்று வாரம் கழிந்தது. ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு பகல் பொழுதில் கன்னியம்மா எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, மீன் கூடையை வெளியே வைத்துவிட்டு, சொட்டச் சொட்ட என் மேஜை முன்னால் நின்றாள்.

"ஆறு வூட்டுக்கும் கயிறு கட்டி அளந்துட்டாங்கம்மா. என் எடத்துக்கு வர்ல. போய்க் கேட்டா, நோட்டுல உன் பேரே இல்லன்றாரு தலைவரு. ஆபீசரம்மா கையெழுத்துப் போட்டுருக்காங்க, போயி அவங்களக் கேளுன்றாரு."

"இருக்காதேம்மா" என்றேன்.

"நானும் அதத்தான் சொன்னேன். உங்க வாயால படிச்சீங்களே. நான் நாந்தாங்கன்னு சொன்னேன். நீங்க கூட சிரிச்சீங்க."

அவளுக்குப் புருஷன் இல்லை. போன வருடக் காற்றில் குடிசைக் கூரை பறந்துபோய், தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தாள். கல்யாணமான மகளுக்கு ஐந்தாம் மாதம். "தலைப்பிரசவம்மா. நாந்தான கூட்டியாரணும்? இந்தத் தார்ப்பாயி கீழ பச்சப்புள்ளய எங்க படுக்க வைப்பேன்? இந்த வூடு வந்துடும்னு சம்பந்தி கிட்ட வாயி விட்டுட்டேன்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் கூட எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

நோட்டை வரவழைத்துப் பார்த்தேன். பட்டியல் முத்து முத்தாக எழுதியிருந்தது. ஐந்தாவது இடத்தில் தலைவருடைய மச்சினிச்சியின் பெயர். அந்த அம்மாளுக்கு ஊருக்குள் ஓட்டு வீடே இருந்தது. வீடு வீடாக வாங்கிய கையெழுத்துகளும் பக்கத்தை நிறைத்திருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில் என்னுடையது.

மறுநாள் தலைவரைப் போய்ப் பார்த்தேன். சத்தம் போடுவதற்கென்றே போனேன். அவரோ நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"ஒரே ஒரு வூடு மேடம். வூட்டுல ஒரே ரோதன, மச்சினிச்சிக்கு எழுதலன்னா சோறு கெடையாதுன்ற அளவுக்கு ஆயிடுச்சி. கன்னியம்மாவுக்கு அடுத்த வருஷம் மொதப் பேரா போட்டுடறேன். இதுக்குப் போயி நீங்க பேஜாரு பண்ணிக்காதீங்க."

"நான் படிச்ச பட்டியல் வேற, நோட்டுல இருக்குறது வேற. இது நியாயமா?"

"நீங்க படிச்சதுக்கு இன்னா மேடம் அத்தாட்சி? நீங்க கையெழுத்துப் போட்டதுக்கு நோட்டு இருக்குது." பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "மல்லாட்டை நல்லா இருந்துச்சா மேடம்?"

அவர் மிரட்டவில்லை. முகத்தில் அதே சிரிப்புதான். எனக்கோ யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஏதோ ஒப்புக்குச் சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்பினேன். அன்று வீட்டுக்குப் போனதும்தான் தையல் மெஷினின் காலடியிலிருந்து விதிப் புத்தகத்தை உருவினேன். பரிசுப் பொருள் வாங்குவது பற்றி அதில் இருந்ததைப் படித்தேன். மல்லாட்டைக்குத் தனியாக விலக்கு ஏதும் எழுதியிருக்கவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த மாதம் விரிவாக்க அலுவலர் பதவி உயர்வுப் பட்டியல் வர இருந்தது. அதில் என் பெயர் மேலே இருந்தது. காலிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன் என்று நானே எழுதிக் கொடுத்தால் மெமோ வரும், மெமோ வந்தால் பட்டியலிலிருந்து பெயர் போகும். சும்மா இருந்தால் எனக்கு ஒன்றும் ஆகாது. கன்னியம்மாவுக்கு அடுத்த வருடம் வீடு வந்தாலும் வரலாம். மூன்று நாள் இப்படியே என்னோடு நானே பேரம் பேசினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் பேசினேன்.

நாலாம் நாள் ஓர் அறிக்கை எழுதினேன். கூட்டத்தில் படிக்கப்பட்ட பட்டியலைத் தலைவர் பின்னர் மாற்றிவிட்டார், விசாரிக்க வேண்டும் என்று சுருக்கமாக, கோபமாக, நறுக்கென்று. தட்டச்சு செய்யக் கொடுத்தேன்.

எங்கள் அலுவலகத் தட்டச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வயதுதான். செஞ்சிப் பக்கத்துக்காரி. வாய் கொஞ்சம் நீளம். இரண்டு வரி அடித்துவிட்டு மெஷினை நிறுத்தினாள்.

"இன்னா மேடம் இது? நீங்க கையெழுத்துப் போட்ட அப்புறம் அந்த ஆளு எழுதினாரா?"

"ஆமா."

"அவ்ளோ எழுதுறதுக்கு எடம் எப்படி இருந்துச்சின்னு பி.டி.ஓ. கேட்டா இன்னா சொல்லுவீங்க?"

மெஷின் பக்கத்தில் கிடந்த கார்பன் தாள்களை அடுக்க ஆரம்பித்தேன்.

"அத்த எழுதாம இத்த மட்டும் எழுதினா, அந்தாளு ஒரு பக்கம் இழுப்பாரு, நீங்க ஒரு பக்கம் இழுப்பீங்க. வெசாரணை போய்க்கினே இருக்கும். நடுவுல அந்தம்மா பொண்ணு புள்ளையப் பெத்து அதுக்குக் காதே குத்திடுவாங்க. வூடு சீக்கிரம் வரணும்னா நீங்க போட்டுக் குடுக்க வேண்டியது உங்களத்தான்" என்று சொல்லிவிட்டு, காகிதத்தை உருவி என் கையில் கொடுத்தாள். "வேற எழுதிக்கினு வாங்க. எத்தினி வாட்டி வேணும்னாலும் அடிச்சித் தர்றேன்."

எனக்கு அவள் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பெரிய நீதிபதி இவள் என்று முணுமுணுத்துக்கொண்டே போய் உட்கார்ந்தேன். ஆனால் எழுதினேன். பதினோரு பேர்தான் வந்தார்கள். பக்கம் காலியாக இருந்தது. பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் கையெழுத்துப் போட்டேன். ஒரு பை மல்லாட்டை வாங்கிக்கொண்டேன். படித்த பட்டியலில் ஐந்தாவது பெயர் கன்னியம்மா. கடைசியில் ஒரு வேண்டுகோளும் சேர்த்தேன்: மறுகூட்டம் வைத்தால் குப்பத்தில், மாலை நாலு மணிக்கு வைக்க வேண்டும்.

எங்கள் ஒன்றியத்துக்குத் தலைமை அதிகாரியான பி.டி.ஓ. இரண்டு தடவை படித்தார். "மல்லாட்டை எல்லாம் எழுதியிருக்கீங்களே!" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இதை நான் வாங்கிட்டா மெமோ குடுத்தே ஆகணும்மா. பட்டியல் வர்ற நேரம். எடுத்துக்கினு போயி நாளைக்கி வரைக்கும் யோசிங்க" என்றார்.

நல்ல மனிதர். எனக்குக் கதவைத் திறந்துவிட்டார். அந்தக் கதவு வழியாகப் போக ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் எடுத்துக்கொண்டு போனால் மறுநாள் நான் திரும்பி வரமாட்டேன் என்று எனக்கே தெரியும். மூன்று நாள் என்னை நான் பார்த்தவள் இல்லையா? "வாங்கிக்குங்க சார்" என்றேன்.

கார்த்திகை பிறந்ததும் சிறப்புக் கிராம சபை கூடியது. குப்பத்தில் வலை பின்னும் கொட்டகையில், மாலை நாலு மணிக்கு. பி.டி.ஓ.வே வந்திருந்தார். மார்க்கெட்டிலிருந்து வந்த பெண்கள் கூடையைக்கூட வீட்டில் வைக்காமல் நேராக வந்து உட்கார்ந்தார்கள். ஆம்பிளைகள் தூங்கி எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தார்கள். ஊரிலிருந்தும் வந்தார்கள். கொட்டகை கொள்ளாமல் மணலிலும் ஆட்கள். எத்தனையோ கூட்டத்துக்குப் போயிருக்கிறேன், ஒரு கூட்டம் உண்மையில் எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன்.

நான் எழுந்து, அன்றைக்குச் செய்த தப்பை எல்லோர் முன்னாலும் சொன்னேன். என் கணீர்க் குரல் அன்று எங்கேயோ போய்விட்டது. பின்னாலிருந்து ஒரு பெரியவர், "சத்தமா சொல்லும்மா, காதுல உழல" என்றார். மறுபடியும் முதலிலிருந்து சத்தமாகச் சொல்ல வேண்டியதாயிற்று. அதன் பிறகு பட்டியலைப் படித்தேன். ஐந்தாவது பெயர் வந்ததும் நிறுத்தினேன். கன்னியம்மா எழுந்து நின்று, "நாந்தாங்க" என்றாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஆட்சேபணை உண்டா என்று பி.டி.ஓ. கேட்டார். எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் மணலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இல்லீங்க" என்றார். பிற்பாடு நல்ல தலைவராகவே பேர் வாங்கினார். அதையும் சொல்லிவிட வேண்டும்.

பெயர்களை அங்கேயே எழுதி, கையெழுத்தும் ரேகையும் அங்கேயே வாங்கி முடித்ததும், மீதி இருந்த காலி இடத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். அதற்குக் கீழேதான் கையெழுத்துப் போட்டேன். கன்னியம்மா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அது எதுக்கும்மா கோடு?" என்று கேட்டாள். இனி யாரும் இதற்குள் எதுவும் எழுத முடியாது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள்.

எனக்கு மெமோ வந்தது. ஒரு வருட ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். பதவி உயர்வு மூன்று வருடம் தள்ளிப்போனது. எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர் முன்னால் கோப்போடு நின்று 'சார்' என்று கூப்பிட்டேன். அழுதேன், இல்லை என்று சொல்லமாட்டேன். தட்டச்சர்தான் என்னை வெளியே கூட்டிப்போய் டீ வாங்கித் தந்தாள்.

பங்குனியில் கன்னியம்மா புது வீட்டில் பால் காய்ச்சினாள். அதற்குப் பத்து நாளில் பேத்தி பிறந்து, அந்த வீட்டுக்கே வந்தது. மறு மாதம் ஒருநாள் அலுவலகத்துக்கு வந்தாள். வாழை இலையில் சுற்றிய பெரிய வஞ்சிரம் ஒன்றை என் மேஜை மேல் வைத்தாள்.

"வேணாம்மா, எடுத்துக்கினு போ" என்றேன்.

"துட்டா குடுக்குறேன்? மீனும்மா. என் கையால வாங்கினது."

"மீனும் வேணாம். வாங்கக் கூடாது."

அவள் முகம் சிவந்துவிட்டது. "அந்தாளு குடுத்தா மல்லாட்டையத் தின்னீங்க. எங்க மீனு மட்டும் நாறுதா?"

அலுவலகமே திரும்பிப் பார்த்தது. "அவர்கிட்ட வாங்கினதாலதான் உன் பேரு போச்சு கன்னியம்மா. உன்கிட்ட வாங்கினா நாளைக்கி இன்னொருத்தி பேரு போவும். இந்த வேலையில இருக்குற வரைக்கும் வாங்கமாட்டேன்" என்றேன். அந்த மீனை வாங்கிக்கொள்ள எனக்கு எவ்வளவு ஆசை என்று அவளுக்குத் தெரியாது. அவள் இலையோடு மீனைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். அடுத்த வாரம்தான் நான் பிளாஸ்க் வாங்கினேன்.

அதன் பிறகு எவ்வளவோ நடந்தது. வேறு ஒன்றியங்களுக்கு மாறினேன். விழுப்புரத்தில் சில வருடம், மறுபடி திண்டிவனம். கன்னியம்மாவை மார்க்கெட்டில் தூரத்திலிருந்து பார்ப்பேன். அவளும் பார்ப்பாள். பேசமாட்டாள். என் பக்கம் தப்பில்லை என்று தெரியும், ஆனாலும் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

சில மாதங்களுக்கு முன்னால் ஓய்வு பெற்றேன். மாலை போட்டு, சால்வை போர்த்தி வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். மறுநாள் காலை ஏழு மணி இருக்கும். வாசலில், "அம்மா" என்று குரல். திறந்தால் கன்னியம்மா. தலை முழுக்க வெளுத்துவிட்டது. இடுப்பில் கூடை.

"டைப்படிக்கிற அம்மா கிட்ட வருசா வருசம் கேட்டுக்கினே இருந்தேன், உங்க ஆபீசரு எப்ப வூட்டுக்குப் போவாங்கன்னு. நேத்தோட முடிஞ்சிச்சின்னாங்க" என்றாள்.

உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்தேன்.

"இப்ப நானு வார்டு மெம்பரு, தெரியுமா? எந்த ஆபீசரு வந்தாலும் கோடு இழுக்காம எழுந்துக்க உடமாட்டேன். போன கூட்டத்துல சின்னப் பையன் ஒருத்தன் வந்தான். 'பஸ்ஸுக்கு நேரமாச்சு'ன்றான். 'பஸ்ஸு கெடக்குது, ஒக்காருப்பா'ன்னு ஒக்கார வச்சிட்டேன்."

அந்தச் சின்னப் பையன் உங்களில் யாரோ எனக்குத் தெரியாது. யாராக இருந்தாலும் அவனுக்கு நல்ல காலம்.

பேசிக்கொண்டே கூடையிலிருந்து ஓர் இலைச் சுருட்டை எடுத்தாள். அவிழ்த்தாள். வஞ்சிரம். அன்றைக்குக் கொண்டுவந்த அதே அளவு இருக்கும்.

"இன்னிக்கி வாங்கலாமில்ல?" என்றாள்.

இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டேன்.